முப்பது மைக்ரான்

தொட்டால் கெட்டது.
செம்புக் கட்டைக்கும் டைட்டானியத் தகட்டுக்கும் நடுவே
முப்பது மைக்ரான் இருந்தாக வேண்டும்,
தலைமுடியில் பாதிகூட இல்லை.
அந்தச் சந்தில்தான் எனக்குச் சம்பளம்.

காரைக்குடி, செக்காலைப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை.
பதினொரு மணிக்கு மேல்தான் வோல்டேஜ் நிற்கும்.
நானும் அடைக்கலமேரியும்
ஊர் விளக்கணைத்த பிறகு
ஒரு தொட்டித் தண்ணீருக்குள் மின்னல் வளர்க்கிறோம்.

வெறும் தண்ணீர் அல்ல.
தொண்டியில் மீன்காரரிடம்
சதை வேண்டாம் முள்ளைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி,
உலையில் தொள்ளாயிரம் டிகிரியில் சுட்டு,
அரைத்து, சலித்து, அவள் கலக்கிய வெள்ளைத் தூள்.
விடுதியில் மூன்று நாள் கருவாட்டு வாடை.
வார்டன் எழுதிய புகார்க் கடிதத்தை
ஆய்வுக் கோப்பில் பத்திரமாகக் குத்தி வைத்திருக்கிறாள்.

சத்தம்?
கடுகு தாளிக்கிற சத்தம்.
குறிப்பேட்டில் அப்படித்தான் எழுதினேன்.
"நாகு அண்ணே, தீசிஸில் கடுகு வரக்கூடாது"
என்று அடித்துவிட்டு எழுதினாள்:
எட்டு ஆம்பியர். நூறு மைக்ரோவினாடி. பொறி சீர்.

ஒவ்வொரு பொறிக்கும் ஒரு பள்ளம்.
உருகும், தெறிக்கும்,
தெறித்ததில் கொஞ்சம் போக மனமில்லாமல்
அதே குழியின் கரையில் உறையும்.
உறைகிறபோது
முள்ளின் சுண்ணத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.
நேற்று நீந்தியது இன்று உலோகத்தின் தோல்.
இதை எழுதலாமா என்று நான் கேட்கவில்லை.

தகடு என்றைக்காவது போக வேண்டியது ஓர் இடுப்புக்குள்.
யாருடையதோ.
பேருந்தை முந்தப் பார்த்தவருடையதாக இருக்கலாம்,
குளியலறையில் சறுக்கியவருடையதாக.
வழவழப்பாக இருந்தால் எலும்பு அதை அண்டாது
என்கிறாள் மேரி.
எனக்குப் புரிந்தது வேறொன்றால்.
அடுத்த வீட்டில் கூரை சரிந்த பின்கட்டு,
முட்டை வெள்ளை தேய்த்த சுவர், இன்னும் முகம் தெரிகிறது.
கோவைக்கொடி ஒன்று அதைத் தடவிப் பார்த்துவிட்டு
திரும்பி வந்து
எங்கள் தகரத்தின் துருத் துளைகளில்
விரல்விட்டு ஏறிக்கொண்டிருக்கிறது.

பதினான்காவது தகடு.
அன்று மழை. மூன்றாம் மணி நேரத்தில்
மின்சாரம் போய், வந்து, மறுபடி போய் வந்தது.
"சேசுவே" என்றாள்.
ஓரத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு தீத்தழும்பு.
எறிந்திருப்போம்,
எண்ணிக்கை பதினைந்து காட்ட வேண்டியிருந்தது.
மதுரைக்கு அனுப்பினோம்.

வந்த படத்தில்
மற்ற தகடுகளில் செல்கள் விருந்தாளிகள் மாதிரி
ஒதுங்கி உட்கார்ந்திருந்தன.
பதினான்கில், தழும்பைச் சுற்றி,
கால் நீட்டி, கை கோத்து,
இடம் பிடித்துப் படுத்துவிட்டிருந்தன.
மேரி அன்று டீக்கடையில்
யாரென்றே தெரியாத நாலு பேருக்குக் காசு கொடுத்தாள்.

மறுபடி செய்து காட்டுங்கள் என்றார்கள்.
செய்தோம்.
அதே தூள், அதே ஆம்பியர்,
அதே நிமிடத்தில் மெயினை நாங்களே அணைத்து, போட்டு.
இருபத்திரண்டு தரம்.
மழைக்காகக்கூட இரண்டு வாரம் காத்திருந்தோம்,
வெளியே சொல்லவில்லை.
வரவில்லை.

அட்டவணையில் இப்போது ஒரு வரி:
பதினான்கு, விலகல், கணக்கில் சேர்க்கப்படவில்லை.
தகடு என் ஸ்பேனர் பெட்டியில்.
கட்டைவிரலால் தடவினால்
பூனை நாக்கு மாதிரிப் பிடிக்கிறது.

இன்று முப்பத்தெட்டு.
ராமேசுவரம் வண்டி போய்விட்டது.
நான் கொஞ்சம் கண் அசந்திருக்க வேண்டும்.
மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலை எடுக்காமல்
மேரி கத்துகிறாள்:
"அண்ணே, கடுகு தீயுது!"

கட்டையை மேலே தூக்குகிறேன்.
முப்பது.